கரம்பையிலும் செஞ்சேற்றிலும் ஓடும் பிக்கப்: அடியில் தொங்கும் ஸ்டெப்னியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி?

பள்ளத்தூர் தோப்பு:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு பள்ளத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாய்க் கரையைத் தாண்டி இருப்பதால், என்னுடைய பிக்கப் தார்ச்சாலையில் ஓடுவதைவிட வண்டிப்பாதையில் ஓடுவதே அதிகம். கோடையில் அனுமதி பெற்றுக் கண்மாய்க்குள் இறங்கிக் கரம்பை எனும் வண்டல் களிமண்ணை ஏற்றுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அதே பாதை கணுக்கால் புதையும் செஞ்சேறாகிவிடுகிறது. ஸ்டெப்னி பின் அச்சுக்குப் பின்னால், சரக்குத் தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது.

சென்ற மழைக்காலத்தில் கருவேல முள் ஏறிப் பின்சக்கரத்தில் காற்று இறங்கியபோது ஸ்டெப்னியை இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது. பம்பர் துளை வழியாக விடும் கம்பி, சங்கிலியை ஏற்றி இறக்கும் வின்ச்சின் வாயில் உட்காராதபடி அங்கே களிமண் இறுகியிருந்தது. ஒருவழியாக இறக்கிப் பார்த்தால், சக்கரத்தின் நடுத்தகடான டிஸ்க்கின் குழி முழுவதும் மண். கடப்பாரை நுனியால்தான் பெயர்க்க முடிந்தது. காற்றும் குறைந்திருந்தது. சுமை ஏற்றும் வண்டி என்பதால் ஸ்டெப்னியைத் தொட்டிக்குள் மாற்றுவதற்கு இடமில்லை. இருக்கும் இடத்திலேயே அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வழி உண்டா? தார்ப்பாயில் உறை தைத்து மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தேவகோட்டை வண்டி:
அண்ணனுக்கு வணக்கம். உறை போடலாம், நான் போட்டிருக்கிறேன். லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் டயரின் அளவைக் கொடுத்து, விளிம்பில் கயிறு கோத்து இறுக்கும்படி தைத்துக்கொண்டேன். சரளைப் பாதையில் தூசியும் சிறுகற்களும் டயரின் பக்கவாட்டில் படுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. வெயில் படாத இடம் என்பதால் தார்ப்பாயும் சீக்கிரம் நைந்துபோவதில்லை. ஆனால் என் வண்டி கண்மாய்க்குள் இறங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடி பட்டறை:
தேவகோட்டைத் தம்பி சொல்வது தூசிக்குப் பொருந்தும். சேற்றுக்கு உறை வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டெப்னியின் அடிப்பக்கத்தில் ஒட்டும் மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது பார்வைக்கு அசிங்கமாக இருக்கும். காய்ந்ததும் பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடும். கெடுதல் செய்வது மேற்பக்கத்து மண். சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறு தொட்டியின் அடித்தகட்டில் மோதி, அங்கிருந்து டிஸ்க்கின் குழிக்குள் விழுகிறது. வண்டியின் ஆட்டத்தில் படிந்து படிந்து இறுகுகிறது. ஒரு லிட்டர் ஈரக் களிமண் ஏறக்குறைய 2 கிலோ எடை இருக்கும். குழியிலும் சுற்றிலுமாகப் பத்து லிட்டர் சேர்ந்துவிட்டால், மேடுபள்ளத்தில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சங்கிலி 20 கிலோவைக் கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கிறது. தார்ப்பாய் உறை இந்த மண்ணைத் தடுக்காது. கயிறு கட்டிய இடைவெளி வழியாக நீரோடு உள்ளே போகும் கரம்பை வெளியே வர வழியின்றித் தங்கிவிடும்.

ஆகவே முழுவதும் மூடாமல், முன்னால் ஒரு தடுப்பும் மேலே ஒரு மூடியும் வைப்பதே நல்லது. கல்குவாரி கிரஷர்களில் கழித்த கன்வேயர் பெல்ட் ரப்பர் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். அதில் ஒரு துண்டை ஸ்டெப்னியின் அகலத்துக்கு வெட்டி, அச்சுக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தில், ஒரு பட்டைக் கம்பியை மேலே வைத்து இறுக்கித் தொங்கவிடுங்கள். அதன் கீழ்விளிம்பு டயரின் அடிமட்டத்தோடு நிற்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் வண்டித்தடத்தின் நடுமேட்டில் உரசிக் கிழிந்துவிடும். அச்சு மேலேறி இறங்கும்போதும் பிரேக் குழாயிலோ ஒயரிலோ அது படக்கூடாது. இதற்காகச் சேஸிஸில் புதிதாகத் துளை போட வேண்டாம். இருக்கிற துளையையோ கிளாம்ப்பையோ பயன்படுத்துங்கள்.

மேல்மூடிக்கு மெல்லிய ரப்பர் தகடு போதும். டிஸ்க்கின் குழியை மட்டும் மறைக்கும் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் சங்கிலி நுழைய ஒரு துளையும், விளிம்பிலிருந்து அத்துளை வரை ஒரு கீறலும் போட்டால் எளிதாக மாட்டிக் கழற்றலாம். ஆனால் சக்கரம் மேலே அழுந்தி நிற்கும் தாங்கிகளுக்கு இடையில் தகடு சிக்கக் கூடாது. சிக்கினால் சக்கரம் முழுவதும் இறுகாது. இறுகாமல் ஆடும் சக்கரம் சங்கிலியைத் தேய்த்துவிடும். டிஸ்க்கில் உள்ள துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்க வேண்டாம், நீர் வடிவது அவற்றின் வழியாகத்தான். உங்களுக்குத் தொல்லை கொடுத்த வின்ச் வாய்க்கு ஒரு ரப்பர் அடைப்பான் செருகினாலே போதும்.

சிக்ரி தெரு:
பட்டறை ஐயா சொன்னதோடு துரு பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஈர மண் அப்பிய இரும்பில், காற்று படும் இடத்தைவிட, மண்ணுக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும் இடமே விரைவாக அரிக்கும். 1953 முதல் நம் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராயும் துறைகளுள் இந்த உலோக அரிப்பும் ஒன்று. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம் இப்படி அரித்துப் பொருக்குத் தட்டினால், அதன் வழியே காற்று மெதுவாகக் கசியும். பஞ்சர் இல்லாமலே உங்கள் ஸ்டெப்னியில் காற்று குறைந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ரிம்மைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கும்போது டயரைக் கழற்றி அந்த விளிம்பையும் பார்த்துவிடுங்கள். தொண்டிப் பக்கம் கடற்கரை மணலில் வண்டியை இறக்குவோர், உப்பின் காரணமாக இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பள்ளத்தூர் தோப்பு:
இருவருக்கும் மிக்க நன்றி. முன்தடுப்பையும் மேல்மூடியையும் போட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் முழுவதும் டீசல் அடித்தால் மண் ஒட்டாது என்கிறார்கள், செய்யலாமா? கோடையில் காய்ந்த புல்லும் சருகும் ஸ்டெப்னிக்கு மேலே சேர்கின்றன. அவற்றால் தொல்லை உண்டா?

காரைக்குடி பட்டறை:
டீசலும் வேண்டாம், கழித்த இன்ஜின் ஆயிலும் வேண்டாம். இரண்டுமே ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். டயர், வால்வு, நீங்கள் போடப்போகும் தடுப்பு எல்லாமே ரப்பர். மேலும் எண்ணெய்ப் பிசுக்கில் செம்மண் தூசி முன்னைவிட நன்றாக ஒட்டும். வின்ச் சங்கிலிக்கும் கிரீஸ் பூசாமல், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் செயின் ஸ்பிரே மட்டும் அடியுங்கள்.

கழுவுவதைப் பொறுத்தவரை, கரம்பையில் இறங்கிய அன்று மாலையே ஸ்டெப்னியைத் தரை வரை இறக்கி, மேற்பக்கத்தைக் கழுவுவதுதான் முறை. ஈரமாக இருக்கும்போது வெறும் தண்ணீரில் போகும் கரம்பை, காய்ந்துவிட்டால் சிமென்ட் போலாகிவிடும். ஸ்டெப்னியை இறக்காமல் கீழிருந்து பீய்ச்சுவதால் பயனில்லை. அது குழியில் இருக்கும் மண்ணைத் தொடுவதே இல்லை. அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயை வால்வுக்கும் டயரின் பக்கவாட்டுக்கும் மிக நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டாம். திரும்ப ஏற்றியதும் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓடிவந்த பிறகும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

காய்ந்த புல்லைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். சைலன்சர் குழாய் ஸ்டெப்னியை ஒட்டிப் போகும் வண்டிகளில் இடுக்கில் சிக்கிய சருகு தீப்பற்ற வாய்ப்பு உண்டு. புல்வெளியைக் கடந்து வந்ததும், குழாய் ஆறிய பிறகு குனிந்து பார்த்து ஒரு கொக்கிக் கம்பியால் சருகை இழுத்துப் போட்டுவிடுங்கள். ரப்பர்த் தடுப்பும் சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

தேவகோட்டை வண்டி:
பட்டறை அண்ணனின் விளக்கத்தைப் படித்த பிறகு, மழை தொடங்கியதும் உறையைக் கழற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: கீழே தொங்கும் ஸ்டெப்னியில் எவ்வளவு காற்று வைப்பது?

காரைக்குடி பட்டறை:
முழுச் சுமையோடு ஓடும்போது பின்சக்கரத்துக்குக் கதவோரத்து ஸ்டிக்கரில் எந்த அளவு போட்டிருக்கிறதோ, அதையே வையுங்கள். வழியில் முன்சக்கரத்துக்கு மாட்ட நேர்ந்தால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். காட்டுப்பாதையில் ஏற்றுவதுதான் கடினம். கழுவ இறக்கும்போதே அளந்துவிடுங்கள், வால்வு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் அப்போதே படித்துக்கொள்ளலாம். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் அது. பத்தாண்டு கடந்த டயர், பட்டன் தேயாமல் புதிதாகவே தெரிந்தாலும், ஸ்டெப்னியாக இருக்க வேண்டாம்.