நிறத்தை வைத்துப் பிரித்த கைட்டன்கள் திறவுகோலில் பொருந்தவில்லை: எந்த உறுப்பிலிருந்து தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எப்போதோ சேர்த்து வைக்கப்பட்ட கடல்வாழ் உயிரினப் பெட்டி ஒன்றைப் பட்டியலிடும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அதில் 11 கைட்டன்கள் (முதுகில் ஓட்டுத்தகடுகள் வரிசையாக அமைந்த, பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடலிகள்) உள்ளன. ஏழு உலர்ந்தவை, நான்கு ஆல்கஹாலில் இருப்பவை. வடகிழக்கு அட்லாண்டிக், அலையிடைப் பாறைகள் (கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படுபவை) என்பது மட்டுமே சீட்டில் தெளிவாகத் தெரிகிறது. சேகரித்த ஆண்டு மங்கிப்போய்விட்டது.

முதலில் அவற்றை நிறப்படி நான்கு குவியல்களாகப் பிரித்தேன்: சிவப்பு, பச்சை கலந்த சாம்பல், வெளிர் மஞ்சள், பல நிறத் திட்டுகள் கொண்டவை. பிறகு இனங்காணும் திறவுகோலை (உறுப்புகளின் பண்புகளைப் படிப்படியாகக் கேட்டு, பெயருக்கு இட்டுச் செல்லும் அட்டவணையை) எடுத்து ஒவ்வொரு குவியலையும் ஒரு சிற்றினமாகக் கொண்டு பார்த்தபோது எதுவுமே ஒத்துவரவில்லை. ஒரே குவியலில் உள்ள இரண்டு உயிரிகள் இரண்டாவது படியிலேயே வெவ்வேறு பக்கம் போகின்றன. படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்றையும் முயன்றேன். ஒரே உயிரியை மூன்று கோணங்களில் படமெடுத்துக் கொடுத்ததற்கு அது மூன்று பெயர்களைச் சொன்னது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கைட்டனுக்கு எட்டு ஓட்டுத்தகடுகள் என்றுதான் எல்லா நூல்களும் சொல்கின்றன. உலர்ந்தவற்றில் ஒன்றுக்கு நான் எத்தனை முறை எண்ணினாலும் ஏழுதான் வருகிறது. இது தனிச் சிற்றினமா, அல்லது நான் பிழையாக எண்ணுகிறேனா? கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கிறது. நுண்ணோக்கியையும் இரவல் வாங்க முடியும். எந்த உறுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். நீங்கள் பிரித்து வைத்திருக்கும் நான்கு குவியல்களையும் முதலில் கலைத்துவிடுங்கள். அந்தக் கடற்பகுதியின் அலையிடைப் பாறைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் லெபிடோகைட்டோனா சினேரியா ஒன்றே சாம்பல், பச்சை, செம்பழுப்பு, மஞ்சள் என எல்லா நிறங்களிலும் வரும். அருகருகே ஒட்டியிருக்கும் இரண்டு கூட ஒரே நிறத்தில் இருக்க வேண்டியதில்லை. உலர்ந்தவற்றில் நிறம் இன்னும் மாறிப்போயிருக்கும். ஆகவே உங்கள் சிவப்புக் குவியலில் இரண்டு சிற்றினங்கள் இருக்கலாம். ஒரே சிற்றினம் நான்கு குவியல்களிலும் சிதறியும் கிடக்கலாம்.

தொடங்க வேண்டிய இடம் ஓரப்பட்டை. ஓட்டுத்தகடுகளைச் சுற்றிப் படகின் விளிம்பு போல ஓடும் தசைப்பட்டையைத்தான் சொல்கிறேன். தகடுகள் அலையிலும் மணலிலும் தேயும், அவற்றின் மேல் பாசியும் படியும். ஓரப்பட்டையின் மேற்பரப்பு பெரும்பாலும் தன் அடையாளத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு அங்கே இருப்பவை செதில்களா, மணிகளா, முட்களா, மயிர்களா, அல்லது வெறும் தோலா என்று மட்டும் பாருங்கள். உங்கள் சீட்டில் உள்ள கடற்பகுதியைப் பொறுத்தவரை எனக்கு மூன்று வாய்ப்புகள் முதன்மையாகத் தோன்றுகின்றன.

ஓரப்பட்டையில் சமமற்ற சிறு மணிகள் நெருக்கமாகப் பதிந்திருந்து, வெளி விளிம்பில் குட்டையான முட்கள் வரிசையாக இருந்தால் லெபிடோகைட்டோனா சினேரியாவாக இருக்கலாம். மிகச் சிறிய தட்டையான செதில்கள் மூடியிருந்து, தகடுகளின் நடுப்பகுதியில் குருணைகள் நீளவாக்கில் கோடு கோடாக அமைந்திருந்தால் லெப்டோகைட்டன் அசெல்லஸைச் சந்தேகியுங்கள். இதன் தகடுகள் வெளிர் மஞ்சளாக இருந்தாலும் அவற்றின் மேல் கறுப்புப் படிவு ஒன்று அடிக்கடி ஒட்டியிருக்கும். அதையே நிறம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓரப்பட்டையில் கண்ணாடி ஊசிகளைக் கட்டி நட்டது போலக் கொத்துக் கொத்தாக முட்கள் எழுந்து நின்றால் அது அகாந்தோகைட்டோனா பேரினம். இதில் தவறு நேர வாய்ப்பு குறைவு.

ஆல்கஹாலில் இருப்பவற்றைக் கவிழ்த்தும் பாருங்கள். பாதத்துக்கும் (பாறையில் ஒட்டிக்கொள்ளும் அடித்தசைக்கும்) ஓரப்பட்டைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் செவுள்கள் வரிசையாக இருக்கும். லெப்டோகைட்டனில் அவை பின்முனையில் கழிவாயின் இரு புறமும் மட்டுமே நிற்கும். லெபிடோகைட்டோனாவில் வரிசை அங்கிருந்து முன்னோக்கி நீளும். பலரும் முதுகை மட்டுமே பார்த்துவிட்டுக் கைட்டனுக்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். வயிற்றுப்புறம் கொடுக்கும் சான்று முதுகு கொடுப்பதை விட உறுதியானது என்பது என் அனுபவம்.

உலர்ந்தவற்றை எதுவும் செய்வதற்கு முன் ஓரப்பட்டையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு வெறும் நீரில் சில மணி நேரம் ஊற விட்டு, மென்மையான தூரிகையால் மட்டும் தடவுங்கள். படிவை நீக்குவதற்காக வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ தொட வேண்டாம். தகடும் முள்ளும் சுண்ணாம்பால் ஆனவை; நீங்கள் பார்க்க விரும்பும் நுண்ணிய வேலைப்பாடுதான் முதலில் கரையும்.

ஏழு தகடுகள் பற்றி: பிறவிக் குறைபாட்டால் ஏழு தகடுகளோடு வளரும் கைட்டன்கள் அரிதாக உண்டு. ஆனால் இயல்பாகவே ஏழு தகடு கொண்ட சிற்றினம் எதுவும் இன்று உயிரோடு இல்லை. காலோகைட்டன் செப்டெம்வால்விஸ் என்ற பெயருக்கே ஏழு தகடுடையது என்றுதான் பொருள். அதற்கும் தகடுகள் எட்டுதான். உங்களுடையதில் ஒரு தகடு எங்கோ மறைந்திருக்கிறது என்பதே என் எண்ணம். அதன் ஓரப்பட்டை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் பெட்டியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

குவியல்களைக் கலைத்து ஓரப்பட்டையை மட்டும் பார்த்தபோது அவை தாமாகவே மூன்றாகப் பிரிந்துகொண்டன. மணிகள் பதிந்த ஓரப்பட்டை ஆறுக்கு இருக்கிறது. என் நான்கு நிறக் குவியல்களிலிருந்தும் அவை வந்திருக்கின்றன. இரண்டுக்குச் செதில்கள். இரண்டுமே ஆல்கஹாலில் இருப்பவை. கவிழ்த்துப் பார்த்தபோது செவுள்கள் நீங்கள் சொன்னபடியே பின்முனையில் மட்டும் சிறு கொத்தாக இருந்தன. மீதி மூன்றில் முட்கொத்துகள்.

ஏழு தகடு கொண்டது அந்த மூன்றில் ஒன்று. தலையைச் சுற்றி நான்கு கொத்துகளும், பக்கத்துக்கு ஏழு கொத்துகளும் இருக்கின்றன. இதிலிருந்து ஏதாவது தெரியுமா?

இன்னொன்று: பெட்டியின் அடியில், பஞ்சுக்குக் கீழே, மூன்று உதிரித் தகடுகள் கிடைத்தன. இரண்டு பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல இருக்கின்றன. மூன்றாவது அரைவட்ட வடிவம். இவற்றுக்குப் பெயர் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது ஒதுக்கிவிடலாமா?

மறுமொழி 2

ஒதுக்கிவிடாதீர்கள். முழு உயிரியில் பார்க்கவே முடியாத ஒரு சான்று உதிரித் தகட்டில்தான் வெளிப்படையாகத் தெரியும். தகட்டின் மேலடுக்கு வெளியே தெரிவது. கீழடுக்கு அதன் விளிம்பைத் தாண்டி நீண்டு ஓரப்பட்டையின் தசைக்குள் செருகியிருக்கும். அப்படிச் செருகும் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கின்றனவா, எத்தனை இருக்கின்றன என்பதுதான் குடும்பத்தையும் பேரினத்தையும் முடிவு செய்வதில் முதன்மையான பண்பு. லெப்டோகைட்டனுக்கு அந்தச் செருகு விளிம்பே கிடையாது. அகாந்தோகைட்டோனாவில் தலைத்தகட்டில் ஐந்து, இடைத்தகடு ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்று, வால்தகட்டில் இரண்டு என்பது வழக்கமான கணக்கு. லெபிடோகைட்டோனா சினேரியாவின் தலைத்தகட்டில் ஐந்தை விடத் தெளிவாக அதிகமான வெட்டுகள் இருக்கும்.

பட்டாம்பூச்சி வடிவத்துக்குக் காரணம், முன்னால் உள்ள தகட்டுக்கு அடியில் நுழைவதற்காக நீண்டிருக்கும் இரண்டு மடல்கள். தலைத்தகட்டுக்கு முன்னால் வேறு தகடு இல்லாததால் அதற்கு அந்த மடல்களும் இல்லை. எனவே உங்கள் அரைவட்டம் பெரும்பாலும் தலைத்தகடுதான். கறுப்புத் தாளின் மேல் வைத்து, பக்கவாட்டில் ஒளி விழும்படி செய்து, வளைந்த விளிம்பில் உள்ள வெட்டுகளை எண்ணிச் சொல்லுங்கள்.

முந்தைய மறுமொழியில் ஒரு சிறு திருத்தமும் சொல்ல வேண்டும். நிறம் எங்குமே உதவாது என்று அதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வட பசிபிக்கின் டோனிசெல்லா பேரினத்தில் தகடுகளின் மேல் ஓடும் வண்ணக் கோடுகளின் போக்கே சிற்றினங்களைப் பிரிக்க உதவுகிறது; டோனிசெல்லா லினியேட்டா என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டு வந்தவற்றிலிருந்து டோனிசெல்லா லோகியை 1999-இல் தனியே பிரித்தபோது அந்தக் கோடுகளும் கவனிக்கப்பட்டன. நிறம் என்பது ஒன்று, கோலம் என்பது வேறு. ஆனால் அங்கேயும் ஓரப்பட்டையைப் பார்த்துப் பேரினத்தை உறுதி செய்த பிறகுதான் கோலத்துக்குப் போக வேண்டும். அதே கடலில் வாழும் கிரிப்டோகைட்டன் ஸ்டெல்லெரியில் எட்டுத் தகடுகளையும் ஓரப்பட்டையே முழுமையாக மூடிவிடுகிறது, 30 செ.மீ.க்கு மேல் வளரும் அந்த உயிரியில் வெளியிலிருந்து பார்க்க ஒரு தகடும் இல்லை.

மறுமொழி 1

திருத்தம் சரியானது; ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது அந்தப் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும்.

நண்பரே, உங்கள் ஏழு தகட்டுக்கு விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அகாந்தோகைட்டோனாவில் தலைத்தகட்டைச் சுற்றி நான்கு கொத்துகள் இருக்கும்; மற்றவை தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு பொருத்திலும் பக்கத்துக்கு ஒன்று. எட்டுத் தகடுகளுக்கு நடுவே ஏழு பொருத்துகள், ஆக மொத்தம் 18 கொத்துகள். உங்களுடையதற்குத் தகடுகள் உண்மையிலேயே ஏழு என்றால் பக்கத்துக்கு ஆறு கொத்துகள்தான் இருந்திருக்கும். இந்தப் பேரினத்தில் ஓரப்பட்டை தகடுகளின் மேல் ஏறி வளர்வதால் வெளியே தெரியும் பகுதி குறுகலானது. வால்தகடு அதிலும் சிறியது. உலரும்போது சுருங்கிய தோல் அதை மூடியிருக்க வேண்டும். கடைசிக் கொத்து இணைக்குப் பின்னால் தேடுங்கள்.

சிற்றினத்துக்கு வந்தால், அந்தக் கடற்பகுதியில் உங்களைக் குழப்பக்கூடியவை அகாந்தோகைட்டோனா கிரினிட்டாவும் அகாந்தோகைட்டோனா ஃபாசிகுலாரிஸும். இரண்டுக்கும் 18 கொத்துகள் என்பதால் கொத்து எண்ணிக்கை இங்கே கைகொடுக்காது. தகட்டின் மேலுள்ள குருணைகளைப் பாருங்கள். கிரினிட்டாவில் அவை ஓரளவு பெரியவை, நீர்த்துளி வடிவம் கொண்டவை. ஃபாசிகுலாரிஸில் மிகச் சிறியவை, உருண்டையானவை, நெருக்கமானவை. நடு முதுகில் பார்க்க வேண்டாம். அங்கே தேய்மானம் அதிகம். தகட்டின் பக்க ஓரத்தில், தோல் சற்றே மூடிக் காத்திருக்கும் இடத்தில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

எட்டாவது தகடு கிடைத்துவிட்டது. நீரில் ஊற வைத்து, கடைசிக் கொத்துகளுக்குப் பின்னால் இருந்த தோல் மடிப்பைத் தூரிகை முனையால் மெதுவாக விலக்கினேன். அரிசிமணியை விடச் சிறியதாக, மண் அப்பிய நிலையில், வால்தகடு உள்ளே இருந்தது. அதன் மேல் இருந்த மண்தான் அந்த உயிரியிலேயே தேயாத குருணைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நுண்ணோக்கியில் வைத்தபோது ஒவ்வொரு குருணையும் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் அகன்று, துல்லியமான துளி வடிவத்தில் வரிசையாகத் தெரிந்தது. அதை அகாந்தோகைட்டோனா கிரினிட்டா என்றே பதிந்திருக்கிறேன். இன்னொன்றிலும் தகட்டின் ஓரத்தில் அதே வடிவம் இருக்கிறது. மூன்றாவதில் தகடுகள் முழுவதும் வழவழப்பாகத் தேய்ந்துவிட்டன. ஓரத்திலும் எதுவும் எஞ்சவில்லை. அதற்கு எந்தப் பெயரை எழுதுவது?

அரைவட்டத் தகட்டில் வெட்டுகள் ஐந்து. மூன்று முறை எண்ணினேன். இடைத்தகடுகள் இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்று.

மறுமொழி 2

அப்படியானால் உதிரித் தகடுகளும் அகாந்தோகைட்டோனாதான். அவற்றின் மேற்பரப்பிலும் குருணைகள் எஞ்சியிருந்தால் சிற்றினம் வரை போகலாம். தேய்ந்துபோன மூன்றாவதற்குப் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, சிற்றினம் உறுதி செய்யப்படவில்லை, தகடுகள் தேய்ந்தவை என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். மற்ற இரண்டும் கிரினிட்டா என்பதால் இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதினால், அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் அதைப் பார்த்துச் சரிபார்க்கப்பட்ட பெயர் என்று நம்பிவிடுவார்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களிடம் உள்ள மூன்று அகாந்தோகைட்டோனாக்களிலும் தலைத்தகடு அதனதன் இடத்தில் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

இருக்கிறது. மூன்றிலும் எட்டுத் தகடுகளும் அப்படியே இருக்கின்றன. இந்தத் தலைத்தகடு அவற்றில் எதற்கும் உரியதல்ல என்று நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

பட்டியலை இப்போது திருத்திவிட்டேன்: லெபிடோகைட்டோனா சினேரியா ஆறு, லெப்டோகைட்டன் அசெல்லஸ் இரண்டு, அகாந்தோகைட்டோனா கிரினிட்டா இரண்டு, சிற்றினம் உறுதி செய்யப்படாத அகாந்தோகைட்டோனா ஒன்று. மூன்று உதிரித் தகடுகளையும் தனிக் குப்பியில் இட்டு, 12 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.