சிவப்பு மூடி சிரிஞ்சும் 100 யூனிட் குப்பியும்

முன்னாள் ஐ.சி.யூ. நர்ஸ், மதுரை:

ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். தப்பு என் கையால் நடந்தது. அழகரை வரவேற்கும் எதிர்சேவை இரவு. நைட் டியூட்டிக்கு வர வேண்டிய இரண்டு பேர் தல்லாகுளம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். நாலு பெட்டுக்கு நான் ஒருத்தி.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர், வெண்டிலேட்டரில் இருந்தார். சுகர் 460. 50 மில்லி சலைனில் 50 யூனிட் இன்சுலின் கலந்து பம்பில் போட வேண்டும். எங்களிடம் வழக்கமாக இருப்பது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு 40 கோடு. அன்று பார்மசியிலிருந்து வந்தது மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி. மருந்துப் பேர் சரியாக இருந்தது, நான் அதை மட்டும்தான் பார்த்தேன். அதே சிவப்பு மூடி சிரிஞ்சில் முதலில் 40 கோடு, அப்புறம் 10 கோடு. கேஸ் ஷீட்டில் 50 என்று எழுதினேன். உள்ளே போனது ஒன்றேகால் மில்லி, அதாவது கலந்தது 125 யூனிட்.

ஒரு மணிக்குப் பார்க்க வேண்டிய சுகரை, அடுத்த பெட்டில் பிரஷர் இறங்கியதால் இரண்டு மணிக்குத்தான் பார்த்தேன். 58. வார்டாக இருந்தால் "படபடன்னு வருதும்மா" என்று அவரே கூப்பிட்டிருப்பார். மயக்க மருந்தில் கிடப்பவர் எங்கே சொல்வது? ஏசி அறையில் நெற்றி மட்டும் வியர்த்திருந்தது. பம்பை நிறுத்தி, டியூட்டி டாக்டரை எழுப்பி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றினோம். ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

காலையில் அவர் மகனிடம் டாக்டர், "ராத்திரி சுகர் கொஞ்சம் இறங்கிடுச்சு" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மேலூர்க்காரர்:

நான் வெளியே பெஞ்சில் கிடந்த கட்சி. அப்பா பேரிலேயே இன்னொருவர் உள்ளே இருந்திருக்கிறார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள், ஓடிப்போய் வாங்கி வந்தேன். பார்த்தால் வலிப்புக்கான ஊசி. "எங்கப்பாவுக்கு ஏது வலிப்பு?" என்றதும் முதலில் எரிந்துதான் விழுந்தார்கள். ஐ.பி. நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணை, ஒத்துப் பார்த்த பிறகு சிஸ்டர் முகம் செத்துவிட்டது. கொடுத்த காசைத் திரும்ப வாங்கியது தனிக்கதை.

இப்போதும் ஐ.சி.யூ.வில் இருக்கும் நர்ஸ்:

அக்கா, எங்கள் ட்ரேயில் பொட்டாசியம் குளோரைடும் ஊசி கலக்கும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் 10 மில்லி, இரண்டும் நிறமில்லாதது. பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இப்போது அதைத் தனியாகப் பூட்டிவைத்து, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத இரவில் இரண்டாவது கையெழுத்து காலையில்தான் விழுகிறது.

அந்த உசிலம்பட்டிப் பெரியவர் மகனிடம் அப்புறமாவது சொன்னீர்களா?

முன்னாள் ஐ.சி.யூ. நர்ஸ், மதுரை:

இல்லை. டிஸ்சார்ஜ் அன்று லிஃப்ட் வரை கூடவே போனேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.