பலேயா: பதரா, இடைச்செருகலா, மிகைவிதியா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்ட நூலான ‘தெக்ரேத்தும்’ சுவடிகளை விவரிப்பதற்கான சொற்பட்டியலில் பெரும்பாலானவை படிந்துவிட்டன. கானோன் என்பதற்கு ‘விதி’. முதற்பாகத்தின் 101 டிஸ்டிங்க்தியோக்கள் ‘பகுப்பு’. இரண்டாம் பாகத்தின் 36 கௌசாக்கள் ‘வழக்கு’, வழக்குக்குள் எழும் க்வெஸ்தியோ ‘வினா’. விதிகளுக்கு இடையே கிராசியன் தம் குரலில் பேசுவது ‘தொகுப்பாளர் கூற்று’. விதிக்கு மேலே சிவப்பு மையில் வரும் சுருக்கம் ‘செந்தலைப்பு’.

இழுபறியாக நிற்பது ‘பலேயா’ ஒன்றுதான். 1140 வாக்கில் பொலோஞாவில் உருவான இத்தொகுப்பில் கிராசியன் சேர்க்காமல், பின்னால் சட்டம் கற்பித்தவர்கள் சேர்த்த விதிகளுக்கு இந்தப் பெயர். நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சில சுவடிகளில் செந்தலைப்போடு ‘பலேயா’ என்றே எழுதியிருக்கும். சிலவற்றில் அடையாளமே இராது. என் பரிந்துரை ‘இடைச்செருகல்’. எல்லாருக்கும் தெரிந்த சொல். தடை உண்டா?

மடல் 2

> எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அதுதான் தடையே, ஐயா. இடைச்செருகல் என்றதும் ‘போலி’ என்றே காதில் விழும். யாரோ கள்ளத்தனமாக நுழைத்தது என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. பலேயாவில் களவு இல்லை. வோர்ம்ஸ் நகர ஆயர் புர்க்கார்டு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 20 நூல்களாகத் தொகுத்த சட்டத் தொகுப்பிலிருந்து வந்தவை அவற்றில் பல. கிராசியன் விட்டது வகுப்பில் தேவைப்பட்டது, ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் படியெடுத்தவர் ஓரத்தில் இருந்ததை உள்ளே ஏற்றினார். நடந்தது இவ்வளவுதான்.

கள்ளம் இருந்த இடம் வேறு. 9ஆம் நூற்றாண்டின் நடுவில், முதல் நூற்றாண்டுகளின் திருத்தந்தையர் பெயரில் புனையப்பட்ட ‘போலி இசிதோர்’ மடல்கள் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான விதிகளைக் கிராசியனே மெய்யென்று நம்பி எடுத்திருக்கிறார். அவை மூலத்தின் பகுதி. யாரும் அவற்றைப் பலேயா என்பதில்லை. மூலத்தில் போலியும் சேர்க்கையில் மெய்யும் கிடக்கிற நூலுக்கு ‘இடைச்செருகல்’ என்ற சொல்லைக் கொடுத்தால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

நான் முன்வைப்பது ‘பதர்’. லத்தீனில் பலேயா என்றால் பதர்தான். லத்தீன் விவிலியத்தில் மத்தேயு 3:12இல் ‘பலேயாஸ்’ என்று வருமிடத்தில் தமிழ் விவிலியம் பதர் என்றே பெயர்த்திருக்கிறது. கோதுமை களஞ்சியத்துக்கு, பதர் நெருப்புக்கு. இடைக்கால உரைகாரர்களும் இந்தச் சிலேடையை உணர்ந்தே பேசினார்கள்: கிராசியன் சேர்த்தது மணி, மற்றது பதர்.

மடல் 3

அம்மா, ‘இடைச்செருகல்’ வேண்டாம் என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. அதே காரணத்துக்காகத்தான் ‘பதர்’ என்பதும் வேண்டாம் என்கிறேன்.

பதர் என்பது பால் பிடிக்காமல் போன நெல். உள்ளே ஒன்றும் இல்லாதது. வள்ளுவர் ‘மக்கட் பதடி’ என்று வைததும் அந்த வெறுமையைச் சுட்டித்தான். லத்தீன் பலேயாவோ போரடித்த பிறகு தானியத்திலிருந்து விலகும் உமியும் கூளமும் வைக்கோலும். விவிலியத்தில் அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, இங்கே தேவைப்படுகிறது. திருச்சபையின் பொதுச்சங்கம் ஒன்றின் உண்மையான விதியைப் ‘பதர்’ என்று குறித்தால், சட்ட வலு இல்லாத விதி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கல், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது. கிராசியனுக்குப் பின் முதலில் உரைச்சுருக்கம் எழுதியவர்களில் ஒருவர் பௌக்கபலேயா. முதற்பாகத்தைப் பகுப்புகளாகப் பிரித்தவரும் அவரே என்று பழைய மரபு சொல்கிறது. அவர் சேர்த்தவையாதலால் அவர் பெயரின் பின்பாதியை ஒட்டிப் ‘பலேயா’ ஆயிற்று என்பது ஒரு கட்சி. பதர் என்ற பொருளில் வந்த பெயர் என்பது மறுகட்சி. ஆட்பெயரானால் அதை மொழிபெயர்ப்பதே பிழை.

நம்மிடமே இதற்கு அச்சு அசலான இணை உண்டு. கம்பராமாயணத்தில் பின்னர் ஏறியவை என்று ஒதுக்கப்படும் பாடல்களை ‘வெள்ளிப் பாடல்’ என்பார்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தவை என்பது வழிவழிப் பேச்சு. அதை ஒருவர் உலோக வெள்ளி என்று வேற்றுமொழியில் பெயர்த்தால் நாம் சிரிக்க மாட்டோமா? பலேயாவைப் பதர் ஆக்குவதும் அப்படி ஆகிவிடக்கூடும்.

ஆனால் கம்பன் பதிப்பாசிரியர்களிடம் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘மிகைப் பாடல்’. சில ஏடுகளில் இருந்து, சிலவற்றில் இல்லாத பாடல்களைத் தனியே பிரித்து அச்சிடும்போது இடும் தலைப்பு. நல்லதா கெட்டதா, யார் பாடியது என்ற தீர்ப்பு அதில் இல்லை. ஏடுகளின் சாட்சியை மட்டும் சொல்கிறது. அதை ஒட்டி ‘மிகைவிதி’ என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் எடுத்துக்காட்டில் இழைத்துப் பார்க்கலாம். பகுப்பு 96இன் விதி 13, 14 இரண்டும் பலேயா. கான்ஸ்டன்டைன் பேரரசர் உரோமையையும் மேற்கு நாடுகளையும் திருத்தந்தைக்குக் கொடுத்ததாகச் சொல்லும் ‘கான்ஸ்டன்டைனின் கொடை’ இங்கேதான் வருகிறது. 8ஆம் நூற்றாண்டில் புனைந்த பத்திரம். 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் நடையை வைத்தே புனைவு என்று காட்டினார். இது கிராசியன் சேர்த்ததே அல்ல என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். இங்கே இரண்டு உண்மைகள் தனித்தனியாக நிற்கின்றன: பத்திரம் புனைவு, தொகுப்பில் அது பின்னர் ஏறியது. ‘இடைச்செருகல்’ என்ற சொல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். ‘மிகைவிதி’ இரண்டாவதை மட்டும் சொல்லி, முதலாவதைக் குறிப்புரைக்கு விட்டுவிடும்.

மடல் 4

மிகைவிதி நன்றாயிருக்கிறது. ஒரு கேள்வி மட்டும். வரலாற்றாய்வாளர் ஆண்டர்ஸ் வின்ரோத் 2000இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு தெக்ரேத்துமுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தது தெளிவாகிவிட்டது. முதல் வடிவம் இரண்டாவதில் ஏறத்தாழப் பாதி. அப்படியானால் இரண்டாம் வடிவத்தில் கூடியதெல்லாம் மிகைதானே? சொல் இரண்டையும் கலக்காதா?

மடல் 5

கலக்காமல் இருக்க வரையறையை இறுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் வடிவத்தின் முழுப் பிரதிகள் எல்லாவற்றிலும் உள்ளது ‘இரண்டாம் வடிவச் சேர்க்கை’. அந்த முழுப் பிரதிகளுக்குள்ளேயே சிலவற்றில் இருந்து சிலவற்றில் இல்லாதது, அல்லது பிரதிக்குப் பிரதி இடம் மாறி வருவது ‘மிகைவிதி’.

இதில் வழுக்கும் இடம் ஓரம். ‘ஓரத்தில் வேறு கையால் எழுதியிருக்கிறது, ஆகவே பலேயா’ என்று முடிவுகட்டுவது அடிக்கடி நேரும் பிழை. ஆஸ்திரியாவின் அட்மோன்ட் மடத்துச் சுவடிகள் 23, 43 இரண்டும் சேர்ந்து ஒரே பிரதி. உடலில் இருப்பது முதல் வடிவம். பின்னாளில் இரண்டாம் வடிவம் கைக்கு வந்ததும், கூடுதலாக இருந்ததை ஓரத்திலும் பின்னிணைப்பிலும் எழுதி அந்தப் பிரதியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பிளாரன்ஸ் சுவடியிலும் இதே கதை. அந்த ஓர எழுத்துகளைப் பலேயா என்று பட்டியலிட்டால் கணக்கே குட்டிச்சுவர்.

அடுத்த பொறி எண்கள். இடைக்காலச் சுவடியில் விதிகளுக்கு எண் கிடையாது. தொடக்கச் சொல்லைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுவார்கள். நாம் பயன்படுத்தும் எண்கள் அச்சுப் பதிப்புகளின் வழி வந்தவை. 1582இன் உரோமைப் பதிப்பிலும், 1879இல் லைப்சிக்கில் வந்த ஃப்ரீட்பெர்க் பதிப்பிலும் மிகைவிதிகளும் எண்ணுக்குள் அடக்கம். எனவே மிகைவிதி ஏறாத பழைய பிரதி பகுப்பு 96இல் விதி 12இலிருந்து நேரே 15க்குத் தாவும். அச்சு நூலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் ‘இரு விதிகள் இல்லை, ஏடு தொலைந்திருக்கலாம்’ என்று எழுதிவிடுவார். ஏடு தொலையவில்லை, எழுதப்படவே இல்லை.

உறுதிசெய்வது கடினமல்ல. விதி 12இன் கடைசிச் சொல்லும் 15இன் செந்தலைப்பும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வந்தால் அதோடு முடிந்தது. ஏடு மாறும் இடத்தில் வந்தால் மட்டும் மடிப்பை எண்ண வேண்டும். தோல் ஏட்டுக் கட்டில் வழக்கமாக 4 இரட்டைத் தாள் மடித்து 8 ஏடு. விரித்த பக்கங்களில் மயிர்ப்புறத்துக்கு எதிரே மயிர்ப்புறமும் தசைப்புறத்துக்கு எதிரே தசைப்புறமும் வரும்படி அடுக்கியிருப்பார்கள். மஞ்சள் பூத்துத் துளைப்புள்ளிகள் தெரியும் மயிர்ப்புறத்துக்கு எதிரே வெளுத்த தசைப்புறம் வந்தால் ஓர் ஏடு போயிருக்க வாய்ப்பு உண்டு. கட்டின் கடைசிப் பக்க அடியில் எழுதிய தொடர்ச்சொல் அடுத்த கட்டின் முதற்சொல்லோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிட்டால் ஐயம் தீரும்.

செந்தலைப்பில் அடையாளம் இல்லாத மிகைவிதியைக் கண்டுபிடிக்க ஓரவுரை கைகொடுக்கும். யோகான்னஸ் தியூத்தோனிகுஸ் 1215ஐ ஒட்டி எழுதி, பிரேசியாவின் பர்த்தலமேயு 1245 வாக்கில் திருத்திய பொது ஓரவுரை, பக்கத்தின் நடுவில் இரு பத்தியாக நிற்கும் மூலத்தைச் சுற்றி நெருக்கி எழுதப்பட்டிருக்கும். மிகைவிதிகளுக்கு உரைகாரர்கள் பெரும்பாலும் உரை எழுதவில்லை. நாலாபுறமும் உரை மொய்த்த பக்கங்களுக்கு நடுவே ஓரம் வெறிச்சோடிக் கிடந்தால் அந்த விதியை ஐயத்தோடு பாருங்கள். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. மூல விதிகள் சிலவும் உரை இல்லாமல் இருக்கும்.

மடல் 6

அப்படியென்றால் ‘மிகைவிதி’க்கே என் கையும் உயர்கிறது. பதரை விட மனமில்லைதான். குறிப்புரையில் ஒரு வரி கொடுத்தால் போதும்.

அதோடு ஒன்று. 1190ஐ ஒட்டிப் பவியாவின் பெர்னார்து, தெக்ரேத்துமில் இடம்பெறாத சட்ட மடல்களைத் தனித் தொகுப்பாக்கினார். 1234இல் பெஞ்ஞபோர்த்தின் ரெய்முந்து திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரிக்காகத் தொகுத்த நூலை இன்றும் ‘எக்ஸ்த்ரா’ என்றே சுட்டுகிறோம். தெக்ரேத்துமுக்கு வெளியே நிற்பது என்று பொருள். வெளியே நின்றதைப் ‘புறவிதி’ என்றால், உள்ளே ஏறிய ‘மிகைவிதி’க்கு அது இணையாக அமையும்.

மடல் 7

புறவிதியும் பட்டியலில் ஏறிவிட்டது, நன்றி. பதிவின் வரைவு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

மிகைவிதி: தெக்ரேத்துமின் இரண்டாம் வடிவப் பிரதிகளில் சிலவற்றில் மட்டும் காணப்படும், தொகுப்பு முடிந்தபின் ஏறிய விதி. மெய், போலி என்ற தீர்ப்பு இச்சொல்லில் இல்லை. லத்தீன் ‘பலேயா’, பௌக்கபலேயாவின் பெயரை ஒட்டியது என்றும், ‘பதர்’ என்ற பொருளில் வந்தது என்றும் இரு கருத்து உண்டு. சுவடி விவரிப்பில் ‘மிகைவிதி’ என்றே எழுதி, அது உடலில் உள்ளதா, ஓரத்தில் உள்ளதா, பின்னிணைப்பில் உள்ளதா, எந்தக் கை என்பதைச் சேர்க்கவும். செந்தலைப்பில் எழுதியிருக்கும் சொல்லைப் பெயர்க்காமல் ‘பலேயா’ என்றே மேற்கோள் குறிக்குள் தரவும்.