ஜப்பானிய வகுப்பு: பாதியில் நிற்கும் மறுப்பை எப்படிச் சொல்லித் தருவது?

ஜப்பானிய மொழி கற்பிக்கும் நண்பர்களே, என்5 நிலைக்கு (ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை) 90 நிமிடப் பாடம் ஒன்று தயாரிக்கிறோம். உங்கள் உதவி வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு வாக்கிய அமைப்பு சீக்கிரம் பிடிபடுகிறது. வினை கடைசியில் வருவது நமக்குப் பழக்கம்தானே. சறுக்குவது பண்பாட்டில். 'நீங்கள்' என்பதற்கு அகராதியில் 'அனாத்தா' என்றிருப்பதை நம்பி ஆசிரியரையே அப்படி அழைத்துவிடுகிறார்கள். அங்கே அது மரியாதைக் குறைவு. 'தனாக்கா சென்செய்' ('தனாக்கா ஆசிரியர்') என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

குடும்பச் சொற்கள் இன்னும் சிக்கல். வெளியாரிடம் தன் அப்பாவைச் சொன்னால் 'சிச்சி', அவருடைய அப்பா என்றால் 'ஒத்தோசான்'. பெற்றவரை மரியாதை குறைத்துச் சொல்லும் சொல்லால் குறிக்க நம் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. 'சிச்சி' நம் காதில் விழும் விதமும் ஒரு தயக்கம். இதற்குத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் அலுவலகம் என்று வைத்து, கோட்டைத் தாண்டினால் சொல்லும் மாற வேண்டும் என்று நால்வர் குழுவாக 15 நிமிடம் விளையாட வைக்கலாம்.

தீர்வு கிடைக்காதது மறுப்புதான். சினிமாவுக்கு அழைத்தால், 'கியோ வ சோட்டோ...' ('இன்னிக்குக் கொஞ்சம்...') என்று இழுத்து நிறுத்துவார்கள். அதுவே முழு மறுப்பு. மாணவரோ மீதி வாக்கியத்துக்குக் காத்திருக்கிறார், அல்லது 'ஏன்?' என்று துருவுகிறார். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வு இல்லாததால் இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்த இழுப்பும் மௌனமும் தெளிவாகக் கேட்கும் ஒலிப்பதிவோ, உரையாடல் அட்டைகளோ வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது.