தனியாக ஓடுவது பற்றி எழுதியிருந்தேன்: ஒரு புதுப்பிப்பு

அம்மா போன பிறகு தனியாக ஓடுகிறேன், 10 கிலோமீட்டரோடு கால் நின்றுவிடுகிறது, எதற்கு ஓடுகிறேன் என்றே விளங்கவில்லை என்று மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். கூட ஓட ஆள் தேடச் சொல்லிப் பலர் பதில் போட்டீர்கள்.

ஆள் கிடைத்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேலே உள்ள பழைய கல்லடிப் பாலத்தில் விடிய ஐந்து மணிக்கு நடக்கிற, ஓய்வுபெற்ற ஆசிரியர். "எங்க மனே இந்த இருட்டுக்குள்ள ஓடுறாய்?" என்று கேட்டு, தானும் கூடவே மெல்ல ஓடத் தொடங்கிவிட்டார்.

கதைக்க மூச்சு மிஞ்சுகிற வேகம்தான் நெடுந்தூரத்துக்குச் சரி. இவ்வளவு நாளும் நான் வேகமாக ஓடித்தான் களைத்திருக்கிறேன். அவர் 2004 ஆழிப்பேரலையில் போன மனைவியைப் பற்றிச் சொல்வார். நான் அம்மாவின் சொதியைப் பற்றிச் சொல்வேன். வாவியில் வலை வீசுகிறவர்கள் இப்போது எங்களைக் கண்டால் கை காட்டுகிறார்கள்.

போன ஞாயிறு காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா தாண்டிப் போய்த் திரும்பி 21.1 கிலோமீட்டர் முடித்தேன். கடைசி 3 கிலோமீட்டருக்கு அவர் சைக்கிளில் கூட வந்தார், கைப்பிடியில் இரண்டு செவ்விளநீர் தொங்க. குடிக்கும்போது அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கை போட்டபடி நின்றார்.