0.025 – எதன் 0.025?

சித்தூர்க்காரன்:
சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவில் இருப்பது வேறு. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் என் கதையும்.

பக்கத்து எண்ணெய் மில்லில் வடிகட்டியிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். தேங்காய் எண்ணெயின் விஸ்காசிட்டி, அதாவது ஓடுவதில் எவ்வளவு கெட்டி என்ற அளவு, நண்பர் அனுப்பிய எக்செல்லில் 0.025 என்று இருந்தது. அலகு இல்லை, வெப்பநிலை இல்லை. அதை அப்படியே, மென்பொருள் விஸ்காசிட்டி கேட்கும் 'நூ' என்ற இடத்தில் போட்டேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் ரன் முடிந்தது. விடைப்படி பார்த்தால் அந்தச் சின்னக் குழாய்க்கு ராட்சச பம்பு வேண்டும்.

மில் முதலாளி பேப்பரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத்தனை வருஷமா அரை ஹெச்பி மோட்டார்லதானே ஓடுது?" என்றார்.

அந்த 0.025, சுமார் 40 டிகிரியில் டைனமிக் விஸ்காசிட்டி, பாஸ்கல்-விநாடியில். அங்கே போட வேண்டியதோ அதை அடர்த்தியால் வகுத்து வரும் கைனமாட்டிக் விஸ்காசிட்டி, ஏறக்குறைய 0.000027. எண்ணெயை 900 மடங்கு கெட்டியாக்கிவிட்டேன். ஓப்பன்ஃபோமில் எந்த அலகு என்று காட்ட ஏழு எண்களில் பரிமாணம் எழுதுவோமே, அது தவறைப் பிடிக்காதா என்பீர்கள். பரிமாணத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். எண்தான் வேறொன்றுடையது, அது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

வாளையார்:
அண்ணா, எனக்கு இதே எண்ணெய்தான், மாட்டியது வெப்பநிலையில். எங்களிடம் இருந்த விஸ்காசிட்டிச் சூத்திரம் 30 டிகிரிக்கு மேல் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. பையன் ஒருவன் அதை 20 டிகிரிக்கு ஓட்டிவிட்டான். வழவழவென்று அழகான வளைகோடு வந்தது. மார்கழியில் கணவாய்க் காற்று அடிக்கும் காலையில் நம் வீட்டு எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. 24 டிகிரி பக்கம் இறங்கினாலே உறைய ஆரம்பித்துவிடும்.

அதற்குப் பிறகுதான் 2018-இல் வந்த சிடபிள்யூஏ 17284 என்ற ஐரோப்பிய ஆவணத்தை ஒழுங்காகப் படித்தேன். பொருள்களுக்கான கணினி மாடல்களை எப்படி விவரிப்பது என்பதற்கான மெட்டாடேட்டா, அதாவது விவரக் குறிப்பு அது. இயற்பியல் சமன்பாட்டைத் தனியாகவும் பொருளுக்குரிய உறவைத் தனியாகவும் எழுதச் சொல்கிறது. திரவ ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பொது. விஸ்காசிட்டி வெப்பத்தோடு எப்படி மாறும் என்பது எண்ணெயின் சொந்தச் சங்கதி. 'எந்த வெப்பநிலைவரை செல்லும்' என்ற கட்டத்தை நாங்கள் இப்போது அந்தச் சங்கதியோடு சேர்த்துவிட்டோம், காலியாக விட்டால் ஃபைல் ஏறாது.

நகரி:
நான் அந்த இன்னொரு சித்தூர்ப் பக்கம்! கட்டம் சேர்க்கும்போது கொஞ்சம் பார்த்து. எங்கள் முதல் படிவத்தில் நாற்பது கட்டம், எல்லோரும் 'பொருந்தாது' என்றே நிரப்பினார்கள். இப்போது கட்டாயம் ஐந்துதான்: எதன் எண், அலகு, வெப்பநிலை, செல்லுபடி எல்லை, எங்கிருந்து எடுத்தது. மற்றதெல்லாம் விருப்பம் போல.

அது சரி, குழாய் என்ன ஆச்சு?

சித்தூர்க்காரன்:
மாற்றவே இல்லை. அதே அரை ஹெச்பி.