நாஸில் எஸ்எஸ்டி கேஷ் போட்டும் வேகம் கூடவில்லை, எஸ்எஸ்டி ஆயுள்தான் குறைகிறது. என்ன செய்யலாம்?

ஈரோடு ஸ்டூடியோ:

வணக்கம். கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. எடிட்டிங் சிஸ்டம் மூன்று. எல்லாம் ஒரே நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க்) பெட்டியில் இருந்துதான் ஃபைல் எடுக்கின்றன. பெட்டியில் 8 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் ஃபைல் தப்பும் அமைப்பு). உள்ளே எம்.2 எஸ்எஸ்டி மாட்ட இரண்டு இடம் காலியாக இருந்தது. "அதில் கேஷ் போடுங்கள், பறக்கும்" என்று பெட்டியை மாட்டிக் கொடுத்தவர் சொன்னார். 500 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ரீட்-ரைட் கேஷாக (படிப்பது, எழுதுவது இரண்டுக்கும் ஹார்ட் டிஸ்குக்கு முன்னால் நிற்கும் வேகமான இடம்) ரெய்டு 1-ல் (இரண்டிலும் ஒரே நகல்) போட்டு ஆறு மாசம் ஆகிறது.

பறக்கவில்லை. மெமரி கார்டில் இருந்து நாஸுக்குக் காப்பி போட்டால் முன்பும் நொடிக்கு 110 எம்பி, இப்போதும் அதேதான். ரா ஃபைல் இருக்கும் போல்டரை லைட்ரூமில் திறந்தால் படங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. ஒரு சிஸ்டத்தில் இன்னும் மோசம், டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் வந்திருக்கும்.

கேஷ் பக்கத்தில் ஹிட் ரேட் (கேட்டது கேஷிலேயே கிடைத்த அளவு) 8 சதவீதம் என்று காட்டுகிறது. இரண்டு எஸ்எஸ்டியும் ஆயுள் 71 சதவீதம் மீதி என்கின்றன. 1 டிபியாக மாற்றினால் சரியாகுமா? இல்லை, கழற்றிவிடலாமா? கழற்றுவது என்றால் பெட்டியை ஆஃப் செய்துவிட்டு உருவிக்கொள்ளலாமா?

நள்ளிரவு அட்மின்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவசரமாகப் பதில்: உருவாதீர்கள். ஆஃப் செய்துவிட்டும் உருவாதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

ரைட் கேஷ் போட்டிருந்தால், நீங்கள் சேவ் செய்த ஃபைலில் ஒரு பகுதி இன்னும் ஹார்ட் டிஸ்குக்கே போகாமல் எஸ்எஸ்டியில் மட்டும் இருக்கலாம். ஃபைல் மட்டும் இல்லை, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அப்படி நின்றிருக்கும். அந்த நிலையில் எஸ்எஸ்டியை எடுத்தால் ஒன்றிரண்டு படம் போவதோடு நிற்காது, வால்யூமே (டிஸ்க் எல்லாம் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) திறக்காமல் போகலாம். செட்டிங்கில் போய் கேஷை நீக்கு என்று கொடுங்கள். பெட்டி பாக்கி எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் எழுதி முடித்து, கேஷ் போய்விட்டது என்று அதுவே சொல்லும். அதன் பிறகுதான் ஸ்குரூடிரைவர்.

சரி, இப்போது எனக்குச் சில விவரம் வேண்டும். நாஸில் நெட்வொர்க் போர்ட் என்ன வேகம்? நடுவில் உள்ள ஸ்விட்ச் என்ன? மூன்று சிஸ்டத்திலும் லிங்க் ஸ்பீடு என்ன காட்டுகிறது? கேஷ் செட்டிங்கில் 'சீக்வென்ஷியலைத் தவிர்' (தொடர்ச்சியாகப் போகும் பெரிய ஃபைலை கேஷில் வைக்காதே) என்று ஒன்று இருக்கும், அது ஆனா ஆஃபா? ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டி டிஎல்சியா (ஒரு செல்லில் மூன்று பிட்) கியூஎல்சியா (நான்கு பிட்)?

ஈரோடு ஸ்டூடியோ:

நன்றி அண்ணா, கை வைக்கவில்லை. நாஸில் 2.5 ஜிகாபிட் போர்ட் இரண்டு. ஸ்விட்ச் பழையது, 8 போர்ட் ஜிகாபிட். சிஸ்டம் இரண்டில் லிங்க் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறது, மூன்றாவதில் 100 எம்பிபிஎஸ். அதுதான் டீ சிஸ்டம். 'சீக்வென்ஷியலைத் தவிர்' ஆஃபில் இருக்கிறது, மாட்டியவர் ஆஃப் செய்தால்தான் வீடியோவுக்கு வேகம் வரும் என்றார். ரேம் 4 ஜிபி. எஸ்எஸ்டி கியூஎல்சி. அட்டையில் 100 டிபிடபிள்யூ (ஆயுளில் மொத்தம் எழுதக்கூடியது 100 டிபி) என்று போட்டிருக்கிறது.

கண்ணாடிக் கம்பி:

பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. 110 எம்பி.

ஜிகாபிட் என்றால் நொடிக்கு 1000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக கைக்கு வருவது 110 முதல் 118 வரை. உங்கள் வயர் ஏற்கெனவே நிரம்பி ஓடுகிறது. ரெய்டு 5-ல் நான்கு டிஸ்க் சேர்ந்தால், பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 400 எம்பிக்கு மேல் சாதாரணமாகக் கொடுக்கும். கொடுப்பதை வாங்கிக்கொள்ள வயரில் இடம் இல்லை. இதில் பின்னால் எஸ்எஸ்டி வைத்தால் என்ன, தங்கத்தில் டிஸ்க் செய்து வைத்தால் என்ன?

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு கல்யாணத்துக்கு ரா ஃபைல் 3000, ஒன்று 30 எம்பி என்று வையுங்கள். மொத்தம் 90 ஜிபி. ஜிகாபிட்டில் எல்லாவற்றையும் ஒருமுறை படிக்க 14 நிமிடம். 2.5 ஜிகாபிட்டில் நொடிக்கு 280 எம்பி வரும், ஐந்தரை நிமிடத்தில் முடியும். 100 எம்பிபிஎஸ் லிங்கில் நொடிக்கு 11 எம்பிதான், இரண்டே கால் மணி நேரம். டீ மட்டும் போதாது, சாப்பாடே முடித்துவிட்டு வரலாம்.

அந்த 100 சிஸ்டத்துக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி இரண்டும் போதும். நீலமோ பழுப்போ எங்காவது அறுந்திருந்தால் லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. முதலில் இரண்டு முனையிலும் பிளக்கைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஸ்விட்ச். நாஸில் 2.5 இருந்தும் நடுவில் ஜிகாபிட் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 2.5-ஐத் தாங்கும், சுவரை உடைக்க வேண்டாம். சிஸ்டங்களின் மதர்போர்டில் 2.5 போர்ட் இல்லை என்றால் யூஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது. நாஸின் இரண்டு போர்ட்டையும் சேர்த்துக் கட்டினால் இரட்டிப்பு ஆகும் என்று யாராவது சொல்வார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் இழுக்கும்போது உதவலாம். ஒருவர் ஒரு ஃபைல் காப்பி போடும்போது ஒரு வயரின் வேகம்தான் வரும்.

வட்டுக்காரன்:

மேலே சொன்னது சரி. ஹிட் ரேட் 8 ஏன் என்று நான் சொல்கிறேன்.

கேஷ் என்ன நினைக்கிறது? "இவர் இதைத் திரும்பக் கேட்பார்" என்று நினைக்கிறது. நீங்கள் கேட்பதில்லை. இந்த வாரம் ஒரு கல்யாணம், அடுத்த வாரம் வேறு கல்யாணம். ஒரு படத்தை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் யாரும் தொடுவதில்லை. 500 ஜிபியில் இரண்டு கல்யாணம் அடங்கும், மூன்றாவது வந்தால் முதலாவது வெளியே.

ஹார்ட் டிஸ்க் தடுமாறுவது சிதறிய சின்னச் சின்ன வேலையில்தான். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெகண்ட். தலை நகர்வதையும் சேர்த்தால் ஒரு டிஸ்க் நொடிக்கு நூறு இடத்தைத் தொட்டாலே பெரிது. எஸ்எஸ்டி பல ஆயிரம் தொடும். அதனால் டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின், நூறு பேர் திறந்து மூடும் ஆபீஸ் போல்டர் இங்கெல்லாம் கேஷ் நன்றாகவே வேலை செய்யும். தொடர்ச்சியான பெரிய ஃபைலுக்கு ஹார்ட் டிஸ்கே போதும் என்பதால்தான் 'சீக்வென்ஷியலைத் தவிர்' என்பதை ஆனில் வைத்தே அனுப்புகிறார்கள். உங்கள் பெட்டியில் அதை ஆஃப் செய்தது யாரோ, அவர்தான் எஸ்எஸ்டி தேய்வதற்கும் காரணம். 100 டிபிடபிள்யூவில் 29 சதவீதம் போயிருக்கிறது என்றால் சுமார் 29 டிபி எழுதப்பட்டிருக்கிறது. மாசம் எத்தனை கல்யாணம்?

ஈரோடு ஸ்டூடியோ:

முகூர்த்த மாசத்தில் பத்து வரும். வீடியோ சேர்த்து ஒன்றுக்கு 200 ஜிபி. ஆடியில் சும்மா உட்கார்ந்திருப்போம்.

வட்டுக்காரன்:

எல்லா மாசமும் பத்து என்று தாராளமாக வைத்தாலும் ஆறு மாசத்துக்கு 12 டிபிதான். மீதி எங்கிருந்து வந்தது? கேஷில் இல்லாததைப் படித்தாலும் பெட்டி அதை எஸ்எஸ்டியில் எழுதி வைத்துக்கொள்ளும், படிப்பதும் எழுத்துக் கணக்குதான். ராத்திரியில் பேக்கப், ஸ்கேன் என்று எதுவும் ஓடுகிறதா?

ஈரோடு ஸ்டூடியோ:

ஓடுகிறது. வெளி டிஸ்குக்கு பேக்கப் எடுக்கும்போது செக்சம் (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்க்கும்படி டிக் போட்டிருக்கிறது.

வட்டுக்காரன்:

அதேதான். செக்சம் பார்க்க எல்லா ஃபைலையும் முழுதாகப் படித்தாக வேண்டும். சீக்வென்ஷியல் தடுப்பும் இல்லை என்பதால் பழைய கல்யாணங்கள் வரிசையாக கேஷுக்குள் வந்து, காலையில் உங்களுக்கு வேண்டியதைத் தள்ளிவிட்டிருக்கின்றன.

இன்னொன்று. இரண்டு எஸ்எஸ்டியும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது, ரெய்டு 1 என்பதால் எழுத்தும் அதே அளவு. இரண்டும் 71-ல் நிற்பதைப் பார்த்தீர்களா? ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பது ரெய்டு 1-ன் நம்பிக்கை. கூடப் பிறந்த இரட்டையர் மாதிரி சேர்ந்தே மூப்படைகிறவர்கள் விஷயத்தில் அதை முழுதாக நம்ப முடியாது.

காவிரிக்கரை எடிட்டர்:

கேஷை இவ்வளவு திட்ட வேண்டாம். எங்கள் இடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வீடியோவை டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கிறோம். தொடர்ச்சியான மூன்று ஃபைல் ஒன்றாக வந்தால் ஹார்ட் டிஸ்குக்கு அது சிதறிய வேலைதான். இறக்கிய ஃபைல் ரைட் கேஷிலேயே இருந்தால் எடிட்டிங் நன்றாக ஓடுகிறது. அனுபவத்தில் சொல்கிறேன்.

நள்ளிரவு அட்மின்:

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அப்போது உங்களுக்கு வேண்டியது கேஷே இல்லை. எது அடுத்து வேண்டும் என்று பெட்டிக்குத் தெரியாததால் அது ஊகிக்கிறது. எந்தக் கல்யாணம் இப்போது எடிட்டில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும், ஊகத்துக்கு வேலையே இல்லை. அந்த எஸ்எஸ்டி இரண்டையும் ரெய்டு 1-ல் தனி வால்யூமாக்கி 'நடப்பு' என்று ஒரு ஷேர் போடுங்கள். வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்துங்கள். எம்.2-வை வால்யூமாக வைக்க எல்லாப் பெட்டியும் விடாது. சில பெட்டிகள் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே விடும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி கேஷ் முதல் மருந்து இல்லை என்பது ஊரில் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். இசட்எஃப்எஸ் (இன்னொரு வகை ஃபைல் சிஸ்டம்) ஆட்களும் எல்2ஆர்க் (அதன் எஸ்எஸ்டி ரீட் கேஷ்) போடுவதற்கு முன் ரேமைக் கூட்டு என்றுதான் சொல்வார்கள். அங்கே ஸ்லாக் என்று எஸ்எஸ்டி போடுகிறார்களே, அது சிங்க் ரைட்டுக்கு (பத்திரமாக எழுதியாயிற்று என்று பதில் வரும் வரை காத்திருக்கும் எழுத்து) மட்டும். விண்டோஸில் இருந்து எஸ்எம்பியில் (விண்டோஸின் வழக்கமான ஷேர் முறை) காப்பி போடுகிறவருக்கு அதனால் பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஈரோட்டுக்காரருக்கு: புது எஸ்எஸ்டி வாங்கினால் டிஎல்சி வாங்குங்கள். நாஸுக்கென்றே விற்கும் 1 டிபி சிலவற்றில் 2000 டிபிடபிள்யூ போட்டிருக்கிறார்கள், உங்களிடம் இருப்பது 100. கியூஎல்சியில் இன்னொரு தொல்லையும் உண்டு. நீளமாக எழுதும்போது அதன் உள்ளே இருக்கும் வேகப் பகுதி நிரம்பியதும் ஹார்ட் டிஸ்கை விட மெதுவாகக்கூடப் போகும்.

லைட்ரூம் கேட்டலாக் (படங்களின் பட்டியலும் எடிட் கணக்கும் உள்ள ஃபைல்) அவரவர் சிஸ்டத்தில்தான் இருக்கும், நெட்வொர்க் டிரைவில் இருந்து அது திறக்காது. ஸ்மார்ட் ப்ரிவியூவையும் (ரா படத்தின் சின்ன நகல்) அங்கேயே செய்துகொள்ளுங்கள். வீடியோ எடிட்டிங்குக்கான பிரீமியரின் மீடியா கேஷ் நாஸில் இருந்தால் இன்றைக்கே சிஸ்டத்தின் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சின்ன ஃபைலாக ஆயிரக்கணக்கில் எழுதும் குணம் அதற்கு.

கரண்ட் போனால் பெட்டி எதில் ஓடுகிறது?

ஈரோடு ஸ்டூடியோ:

வீட்டு இன்வெர்ட்டரில். சில நேரம் மாறும்போது நாஸ் ரீஸ்டார்ட் ஆகும்.

நள்ளிரவு அட்மின்:

ரைட் கேஷை வைத்துக்கொண்டு இது ரொம்ப ஆபத்து. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் உடனே அதற்கு மாற்றுங்கள், மாறும் நேரம் குறையும். அதுவும் பாதித் தீர்வுதான். பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் நாஸுக்குச் சொல்லாது. யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி நாஸோடு இணைத்தால், பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாக முறையாக ஷட் டவுன் ஆகும். பட்ஜெட்டில் முதலில் இது, அப்புறம் ஸ்விட்ச், அப்புறம்தான் எஸ்எஸ்டி.

ஈரோடு ஸ்டூடியோ:

முடிந்த வரை செய்துவிட்டேன். கேஷை நீக்கு என்று கொடுத்தேன். எழுதி முடிக்க நேரம் எடுத்தது, நடுவில் யாரையும் காப்பி போட விடவில்லை. பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றினேன். ஒரு ஃபைலும் போகவில்லை.

கேபிள் விஷயம் அப்படியே. மேசைக்குப் பின்னால் பிளக்குக்குக் கொஞ்சம் மேலே எலி கடித்திருந்தது, பழுப்புக் கம்பி இரண்டும் அறுந்து, மற்றவை தோல் போய் மின்னிக்கொண்டிருந்தன. வெட்டிப் புது பிளக் அடித்ததும் லிங்க் 1 ஜிபிபிஎஸ். யூபிஎஸ் வந்துவிட்டது. 2.5 ஸ்விட்சும் இரண்டு சிஸ்டத்துக்கு யூஎஸ்பி அடாப்டரும் போட்டேன், காப்பி இப்போது நொடிக்கு 270 எம்பியைத் தாண்டுகிறது. செக்சம் டிக்கை எடுத்துவிட்டு மாசம் ஒரு தடவை ஆக்கினேன். எம்.2-வில் வால்யூம் போட என் பெட்டி விடுகிறது. முகூர்த்தம் முடிந்து பணம் வந்ததும் டிஎல்சி வாங்கி 'நடப்பு' ஷேர் போடுவேன்.

மளிகை மொத்தம்:

இடையில் புகுந்து கேட்கிறேன். எங்கள் கடையில் டாலி டேட்டா நாஸில் இருக்கிறது, நான்கு பேர் பார்க்கிறோம், மாலையில் மெதுவாகிறது. அது சின்னச் சின்ன வேலைதானே, கேஷ் போடலாமா?

வட்டுக்காரன்:

டேட்டா போல்டர் எத்தனை ஜிபி என்று பாருங்கள். ஒன்றிரண்டு ஜிபி என்றால் அது நாஸின் ரேமிலேயே உட்கார்ந்துவிடும், எஸ்எஸ்டிக்கு வேலை இருக்காது. நான்கு பேரில் யாராவது வைஃபையில் இருந்தால் முதலில் அவருக்கு வயர் இழுங்கள். மாலையில் எந்த பேக்கப் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிட்டு, தனியாக ஒரு கேள்வி போடுங்கள்.